ஆளுயரப் பருத்திக்கு ஒரு பொன்னாடை

வீரிய ஒட்டுப் பருத்தி அவர்களே! தங்களுக்கு இதுவரை ஒரு பாராட்டு விழா எடுக்காதது நாட்டுக்கே இழுக்கு. 1970இல் சூரத்தில் சங்கர் 4 என்ற பெயரோடு அவதரித்தீர்கள். உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஒட்டுப் பருத்தி தாங்கள்தான். ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் விவரம் போதாமல் சாதாரண ரகங்களோடு நின்றுவிட்டன. நாமோ தங்களை நாடெங்கும் நட்டு, பருத்திப் பரப்பில் உலக முதலிடத்தில் நிற்கிறோம். விளைச்சலா? 2013-14இல் ஹெக்டேருக்கு 566 கிலோ பஞ்சு வரை ஏறினோம். பிறகு இறங்கி இளைப்பாறுகிறோம். ஆஸ்திரேலியாக்காரர் இரண்டாயிரம் கிலோவாம். பேராசை!

தங்கள் உடற்கட்டு ஒன்று போதும், கண் நிறைந்துவிடும். விளம்பரத் தட்டியில் ஆளுயரம் நிற்கிறீர்கள், மேனியெல்லாம் காய். ஒரு செடியில் எத்தனை காய் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். ஏக்கருக்கு எத்தனை செடி என்று மட்டும் யாரும் எண்ணச் சொல்வதில்லை, அது மரியாதை. நான்கடிக்கு இரண்டடி இடம் தந்தால்தான் தாங்கள் கை கால் நீட்ட முடியும். அப்படி நட்டால் ஏக்கருக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம் செடி. மற்ற நாட்டுக் குட்டை ரகங்கள் நாற்பதாயிரம் செடி நெருக்கியடித்து நின்று, ஆளுக்குப் பத்துக் காய் வைத்தாலே நான்கு லட்சம் காய். தாங்கள் அந்தக் கணக்கை எட்ட வேண்டுமானால் செடிக்கு எழுபதுக்கு மேல் வைக்க வேண்டும். தட்டியில் வைக்கிறீர்களே, அது போதாதா?

கிளைகளின் பெருந்தன்மையும் சொல்லத்தக்கது. கணுவுக்குக் கணு காய் பிடிக்கும் கோணல் கிளை எந்தச் செடிக்கும் உண்டு. தாங்கள் அதற்கும் முன்பாக, அடித்தண்டிலிருந்து நேரே மேலே ஓடும் கிளைகளை அனுப்புகிறீர்கள். அவை தாமாகக் காய் பிடிப்பதில்லை. தம்மிடமிருந்து இன்னொரு கிளை விட்டு, அதில்தான் காய். அவசரம் எதற்கு? நூற்றெண்பது நாள் இருக்கிறதே. விதர்பாவின் மானாவாரி நிலத்தில் மழைதான் நாகரிகமில்லாமல் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. மண் காய்ந்த பிறகு காய் திரளப் பார்க்கும் தங்கள் துணிச்சலை என்னென்பது! (தண்ணீர் உள்ள இடத்தில் தாங்கள் நன்றாகவே விளைந்தீர்கள். விழா மேடையில் உண்மையும் ஒரு வரி இருக்கட்டும்.)

ஈகைக்கு வருவோம். 2002இல், புழுவுக்கு நஞ்சு சுரக்கும் பி.டி. மரபணுவோடு வந்தீர்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு விரும்பித் தின்பது கொட்டையை. தூய ரகமாக இருந்தால் எல்லாக் கொட்டையிலும் நஞ்சு இருக்கும். தாங்கள் ஒட்டு. மரபணு பெரும்பாலும் ஒரு பெற்றோர் வழியாகவே வருவதால், ஒரே காய்க்குள் நஞ்சுள்ள கொட்டையும் இல்லாத கொட்டையும் கலந்தே கிடக்கின்றன. புழுக் குஞ்சு நல்லதைத் தின்று, மற்றதைக் கொஞ்சம் ருசி பார்த்துப் பழகிக்கொள்ள வசதி. போதாததற்குத் தை, மாசி வரை பூவும் காயுமாக நின்று அதன் பேரப்பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறீர்கள். 2010இல் குஜராத்திலேயே அது எதிர்ப்புத் திறன் பெற்றது உறுதியானது. மருந்துக் கடைக்காரர்கள் தங்களை மறக்க மாட்டார்கள். விதைக் கடைக்காரர்களும்தான்: தங்கள் விதையை எடுத்துவைத்துப் போட்டால் பயிர் கலவையாகிவிடுமாம், ஆண்டுதோறும் புதிய பாக்கெட்டோடுதான் தங்கள் தரிசனம்.

அரவைக்குப் போனால் நூறு கிலோ பருத்தியில் முப்பத்துநான்கு கிலோ அளவில் பஞ்சு தருகிறீர்கள். மற்ற நாட்டு ரகங்கள் நாற்பதைத் தாண்டுகின்றன. சந்தையில் கொட்டையோடு சேர்த்தே எடை போடுவதால் உழவருக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்து மனம் நோக வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் கோ 17 என்று ஒரு பருத்தி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. நேர்க்கிளையே கிடையாது, காய்க்கிளையும் குட்டை. காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடித்து, நான்கரை மாதத்தில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த பயிருக்கு நிலத்தை விட்டுவிடுகிறது. விதையையும் வீட்டிலேயே எடுத்துவைக்கலாம். தட்டியில் போட்டால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆகவே விதை வாங்க வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏக்கருக்கு எத்தனை செடி, எத்தனை நாள், நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ பஞ்சு என்றெல்லாம் கடையில் கேட்டு விழாவைக் கெடுத்துவிடாதீர்கள்.