தாள் லாயர்

எங்கள் தோட்டத்தில் லாயர் என்றால் உரக்கப் பேசுகிறவர் என்று பொருள். சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் வழியில், கோலா சாவா பக்கம் ஒரு செம்மண் சடக்கு உள்ளே திரும்பும். அதன் கடைசியில் இருந்தன எங்கள் லயன் வீடுகள். அங்கே யாராவது கிராணியிடம் போய், சம்பளக் கணக்கில் இரண்டு வெள்ளி இடிக்கிறதே என்று கேட்டுவிட்டால் போதும், "வந்துட்டாருப்பா சீனிவாசகம்" என்பார்கள். ஈப்போ வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகத்தை எங்கள் லயத்தில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. அவர் 1969-இல் காலமானார். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். இருந்தாலும் அவருடைய குரல் எங்கள் ஊர்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் தோட்டத்து ஜனம் எதிர்பார்த்தது அப்படி ஒரு தொண்டையைத்தான்.

என் தொண்டையோ பள்ளிக்கூட மேடையிலேயே கட்டிக்கொள்ளும் ஜாதி.

நான் முதன்முதலில் பார்த்த சட்டக் காகிதம் தாத்தாவின் பங்குப் பத்திரம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்தவர். அந்தப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் காலண்டருக்கும் பாட்டியின் சிவப்பு ஐசி வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்கும் நடுவே தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்குக் காட்டிய சாம்பிராணி அதற்கும் போகும். "எங்கேயோ ஒரு தோட்டத்துல நமக்கும் ஒரு மரம் இருக்கு" என்பார் தாத்தா. எந்த மரம், எந்தத் தோட்டம் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தைக் கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன். பிறகு சிஎல்பி தேர்வு. வெளிநாட்டுப் பட்டக்காரர்களை வடிகட்டுவதற்கென்றே வைத்த வலை அது. இரண்டாம் தடவைதான் கண்ணி வழியாக நழுவினேன். இதையெல்லாம் நீட்டிச் சொல்வதில் லாபமில்லை. நிலச்சட்ட வகுப்பை மட்டும் சொல்ல வேண்டும்.

தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை, மலாயா வந்து, 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் உயிர்நாடி ஒரே வரி: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவனே சொந்தக்காரன். 340-ஆம் பிரிவு அதைக் கெட்டியாக்குகிறது. அடுத்த பிரிவு இன்னும் கறார். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், பதிவான உரிமையாளனை எதிர்த்து அனுபவ பாத்தியதை என்று ஒன்று கிடையவே கிடையாது. விரிவுரையாளர் இதைச் சொல்லிவிட்டு, "எவ்வளவு சுத்தமான சட்டம் பாருங்கள்" என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுத்தேன். தாத்தா வந்து இறங்கியது முதல் எங்கள் குடும்பம் அதே லயத்தில்தான் இருந்தது என்பது பஸ் ரந்தாவ் சடக்கில் திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது.

ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சிக்குச் சிரம்பானில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். முதல் நாளே கேட்டேன்: "சார், எந்த வேலையில போனா நல்லா வரலாம்?" பணமும் வேண்டும், மனசும் நிறைய வேண்டும் என்பதை இடக்கரடக்கலாகக் கேட்டதாக நினைப்பு. அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கோர்ட்டுல ஜெயிச்சா கட்சிக்காரன் தன் நேர்மையால ஜெயிச்சேங்கிறான். தோத்தா உன்னாலங்கிறான். நிலத்துக் கிரான் கைமாறும்போது மட்டும்தான் வாங்குறவன் சிரிக்கிறான், விக்கிறவன் சிரிக்கிறான், பேங்குக்காரனும் சிரிக்கிறான். மூணு பேரும் சிரிக்கிற இடத்துல போய் உட்காருடா."

நான் உடனே போய் உட்கார்ந்துவிடவில்லை. அப்போது எனக்குக் கொள்கை இருந்தது.

அந்தக் கொள்கையோடு எடுத்த முதல் வழக்கு விபத்து. தோட்டத்து மனிதர் ஒருவர்; வயது ஐம்பத்தெட்டு, மோட்டாரில் பால் வெட்டப் போகும்போது லோரி இடித்து வலது கை போய்விட்டது. பால்வெட்டுக்காரருக்கு வலது கை போனால் மிச்சம் என்ன? நான் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு வேறு கணக்கு வைத்திருந்தது. ஐம்பத்தைந்து தாண்டியவருக்கு எதிர்கால வருமான இழப்பு சுழியம். ஆபீசரைப் போலத் தொழிலாளியும் ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்று நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. 2019-இல் அதை அறுபதாக உயர்த்தினார்கள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வலிக்கும் வேதனைக்கும் கிடைத்த தொகையில் எனக்கு வந்தது ஒரு கட்டு வாழைப்பழமும் கொஞ்சம் வெள்ளியும். பழம் நன்றாக இருந்தது.

அடுத்தது வேலைநீக்கம். நியாயமில்லாமல் நீக்கப்பட்ட தொழிலாளி, தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி அறுபது நாளுக்குள் முறையிட வேண்டும். என்னிடம் வந்தவரோ எழுபதாம் நாள் வந்தார். ஏனண்ணே இவ்வளவு தாமதம் என்றேன். "மேனேஜர் கோபம் ஆறட்டும்னு இருந்தேன் தம்பி. பத்துமலைக்குக் காவடி வேற நேந்திருந்தேன்" என்றார். காவடி எடுத்தாராம், நன்றாக இறங்கியதாம். வழக்கு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. தோட்டம் கைமாறுகிறது, மரங்களை வெட்டுகிறார்கள், ஆட்குறைப்பு. 1980-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு இருபது நாள் கூலி. அப்பாவுக்கு முப்பது வருடம்; அறுநூறு நாள். சராசரி நாள் கூலி பதினெட்டு வெள்ளி. மொத்தம் 10,800. அப்பா தொகையைப் பார்க்கவில்லை, கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "இது யாரு? நம்ம துரை கையெழுத்து இல்லையே?" என்றார். துரை போய்ப் பல வருடமாகியிருந்தது. "லயத்துல இருக்கிறவங்களுக்கு வீட்டு மனை ஒதுக்கித் தர்றேன்னு துரை பெரட்டுல வச்சு சொன்னாரு. எல்லாரும் கேட்டாங்க." எழுதிக் கொடுத்தாரா என்றேன். துரையிடம் எழுதிக் கேட்பதாவது! அப்பா என்னைப் பார்த்த பார்வையில், படிக்க வைத்தது வீண் போலிருக்கிறது என்ற சந்தேகம் தெரிந்தது.

அதன் பிறகு நானும் மூன்று பேர் சிரிக்கிற இடத்துக்கு நகர்ந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் உயர்வானது: நம் ஜனம் வாய்வார்த்தையை நம்பிக் கெட்டது, இனி தாளைக் கையில் கொடுப்போம். மனைவி கேட்ட காரணம் சுருக்கமானது: கார் தவணை.

இப்போது சிரம்பானில் என் அலுவலகத்தில் நாலு குமாஸ்தாக்கள், ஒரு ஏர்கோன், சுவர் நிறைய கோப்பு. செம்பனையும் பால்மரமும் நின்ற இடங்களில் கூரைக்குக் கூரை ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு தாமானும் எனக்கு ஒரு வெள்ளாமை. மேம்பாட்டாளர்கள் 'வழக்கறிஞர் கட்டணம் இலவசம்' என்று பதாகை கட்டுகிறார்கள். அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளருடையவர், வீடு வாங்குகிறவருடையவர் அல்ல. இருவருக்கும் ஒரே ஆள் நிற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதை வாங்குகிறவர்களுக்கு விளக்கினால், "பரவால்ல சார், ஃப்ரீதானே" என்பார்கள். நானும் விளக்குவதைக் குறைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். முதல் சொந்தக்காரர் விற்கும் வீடு, விலை ஐந்து லட்சம் வெள்ளி. கிரானைப் புரட்டினேன். பழைய லோட் எண்ணைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. வரைபடத்தில் ஓடையை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த வீட்டு வரவேற்பறை ஏறக்குறைய எங்கள் ஆயாக்கொட்டாய் இருந்த இடம். அவளும் எங்கள் லயத்துக்காரர் ஒருவரின் பேத்திதான். அவளுக்கு அது தெரியாது. "அங்கிள், பீஸ்ல கொஞ்சம் கழிச்சுக்குங்க" என்றாள். 2023 ஜூலையில் வந்த கட்டண ஆணைப்படி முதல் ஐந்து லட்சத்துக்கு ஒன்றேகால் விழுக்காடு, 6,250 வெள்ளி. இப்படி இரண்டு கோப்பு முடித்தால் அப்பாவின் முப்பது வருடத்தைத் தாண்டிவிடும். ஒரு கோப்புக்கு நான் உட்காருவது இரண்டு மணி நேரம். மீதி குமாஸ்தா பார்த்துக்கொள்வார். கழித்துக்கொடுத்தேன். எவ்வளவு என்பது எனக்கும் அவளுக்கும்.

என்னிடம் சேம்பரிங் செய்யும் பெண்ணும் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறாள். அவளுக்கு இடக்கரடக்கல் கிடையாது. "பாஸ், எதுல காசு? கார்ப்பரேட்டா, ஐபியா, டேட்டா பிரைவசியா?" நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் தோட்டத்துத் தண்டல் தாத்தா உள்ளே வந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கோயில் கமிட்டித் தலைவர். லயம் போனது, பள்ளிக்கூடம் இடம் மாறியது, மாரியம்மன் கோயில் மட்டும் தாமானின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

"கிரான் இருக்கா தாத்தா? குத்தகைத் தாள், துரை கொடுத்த கடிதம், ஏதாச்சும்?"

பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் தீபாவளி வாழ்த்து உறை. உறையிலிருந்து ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். திருவிழா. வெள்ளைக்காரத் துரை கழுத்தில் மாலை, நெற்றியில் கோணலாகத் திருநீறு. பக்கத்தில் பரிவட்டத்தோடு நிற்பது என் தாத்தா.

"கோயில் உங்களுக்குத்தான்னு துரை இந்த எடத்துல நின்னுதான் சொன்னாரு."

சேம்பரிங் பெண் என்னைப் பார்த்தாள். 341-ஆம் பிரிவு அவளுக்கும் தெரியும்.

"தாத்தா, இது தாள் இல்லையே..."

"தாள் இருந்தா உன்கிட்ட எதுக்கு வர்றோம்? தாள் இல்லாதப்பதான லாயரு? நீ கோர்ட்டுல போய்க் கத்துப்பா."

குமாஸ்தா உள்ளே வந்து மூன்று 14ஏ நில மாற்றுப் பாரங்களைக் கையெழுத்துக்கு வைத்தார். நான் போடும் கையெழுத்தைத் தாத்தா கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேம்பரிங் பெண்ணை அழைத்துப் படத்தைக் கொடுத்து, கோப்பு ஒன்று திறக்கச் சொன்னேன். கட்டணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

தாத்தா எழுந்து கதவுவரை போனவர், திரும்பி வந்தார்.

"அந்தப் படம் பத்திரம்மா. அது ஒண்ணுதான் இருக்கு."