நெஞ்சுக்குள் புளூட்டோனியம்

கேள்வி: இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்கு ஆயுள் முழுக்கத் தாங்கும் அணு பேட்டரி வைக்க முடியாதா?

பதில்: வைத்தே விட்டார்கள்! 1970இல் பாரிஸில் அப்படிப்பட்ட முதல் கருவி பொருத்தப்பட்டது. உள்ளே துளியளவு புளூட்டோனியம்-238. அது சிதையும்போது வரும் வெப்பமே மின்சாரமாகும். அரை ஆயுள் சுமார் 88 ஆண்டுகள். பாதரச பேட்டரி இரண்டே ஆண்டுகளில் மூச்சை விட்ட காலத்தில், அடிக்கடி கத்திக்குக் கீழே படுத்த நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனால் பேட்டரியை ஆள் முந்திக்கொண்டால்? சுடுகாட்டுத் தீயைத் தாங்கும் கவசம் போட்டிருந்தாலும், இறந்தவர் உடலிலிருந்து கருவியை எடுத்து, அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 1970களிலேயே வந்த லித்தியம் பேட்டரி, இந்த வம்பெல்லாம் இல்லாமல் ஜெயித்துவிட்டது. நோயாளிக்கு வேண்டியது நூறாண்டு பேட்டரி அல்ல, பத்தாண்டு நிம்மதி. அதை லித்தியமே தருகிறது.