அருவியைக் கழுவிய கதை

என் பாட்டு எடுபடாமல் போனதற்கு நாற்பது வருஷமாக நான் பழி போட்டுவந்தது கேசட்டின் மேல். "நான் நல்லாத்தான் பாடினேன், டேப்தான் இரைச்சல்." பென்ஷனும் மகனுடைய பழைய மடிக்கணினியும் ஒரே மாதத்தில் கைக்கு வந்தன. இரைச்சலை நீக்கி என் பெயரை மீட்டுவிடுவது என்று இறங்கினேன்.

பிஸ்கட் தகரத்தில் 31 கேசட். எங்கள் ஊர் இறம்பொடையின் பனி போர்வையையே நனைக்கும், நாடாவை விடுமா? ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். காயட்டும் என்று அடுப்புக்கு மேலே, கருவாடு தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

"கருவாட்டுல பாட்டு வாடை அடிக்கப் போகுது" என்றாள் வீட்டுக்காரி.

90 நிமிடக் கேசட்டுக்குள் ஏறக்குறைய 130 மீட்டர் நாடா இருக்கிறது. எங்கள் அருவியே 109 மீட்டர்தான். முதல் கேசட்டைப் போட்டதும் டேப் ரெக்கார்டர் அதை மென்று மடியில் கொட்டியபோது அந்தக் கணக்கு எனக்கு நன்றாக விளங்கியது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டிருக்க வேண்டுமாம். பிறகு துடைத்தேன். பஞ்சு துருநிறத்தில் வந்தது.

அட்டவணை போடுவது அதைவிடப் பாடு. ஒன்றின் மேல் "காமன் கூத்து 86, முதல் பாகம், அழிக்க வேண்டாம்" என்று என் கையெழுத்து. உள்ளே சினிமாப் பாட்டு, அதுவும் பாதியில். கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது, உடைத்துத்தான் வைத்திருந்தேன். யாரோ அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் திருட்டு வித்தையை யார் சொல்லிக்கொடுத்தது என்று சத்தம் போட்டேன்.

"நீங்கதான். கல்யாணமான புதுசுல."

தப்பியது இரண்டாம் பாகம். சிவன் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தபின் ரதி புலம்பும் இடம். ரதி நான்தான், அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், வெறும் இரைச்சல் மட்டும் உள்ள சில விநாடிகளைக் காட்டிக்கொடுத்தால் அது அந்த மாதிரியை வைத்து முழுப் பதிவிலும் இரைச்சலைக் குறைத்துவிடும். தப்பு மேளத்தைக் காய்ச்சும் இடைவெளியில் ஒரு துண்டைக் காட்டினேன். இறம்பொடையில் யாரும் வாய் திறக்காத நேரத்தில் கேட்பது எது? அருவி. மென்பொருள் அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டது.

மிஞ்சியது நானும் தப்பும். ரதியின் குரல் அடிக்கு அடி மேலே ஏறியது, கடைசியில் அணில்.

"பேட்டரி!" என்றேன். பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகப் பதிந்திருந்தால், சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறும். விஞ்ஞானம்.

மகன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். "அப்பா, அப்படீன்னா தப்பும் சேர்ந்து ஏறணும். அது ஏறல்ல. நீங்க மட்டும்தான் ஏறுறீங்க."

ஆவணக்காரர்கள் முதலில் எதையும் தொடாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் மெருகேற்றுவார்களாம். நான் கழுவியதை அசலின் மேலேயே சேமித்துவிட்டேன். மறுபடி பென்சில், மறுபடி பஞ்சு, மறுபடி 45 நிமிடம்.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அருவி உள்ளதையே வச்சுக்குங்க. அதுல நீங்க அவ்வளவா கேக்கல்ல."