ஸ்பீக்கர் சார்

எங்கள் அடுக்ககத்துக்கு வரும் கூரியர் பையன்கள் அவர் வீட்டு எண்ணைக் கேட்பதில்லை. "ஸ்பீக்கர் சார் வீடு எதுண்ணா?" என்று வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு நேரே மூன்றாவது மாடிக்கு ஏறிவிடுவார்கள். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா, அம்மா வைத்த பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் பித்துப் பிடித்த இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முதல் அடையாளம், பரண். அண்டா, குத்துவிளக்கு, கொலு பொம்மை எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பரணில் ஸ்பீக்கர் வந்த காலி அட்டைப்பெட்டிகள் வீற்றிருக்கும். "பெட்டி இருந்தாத்தான் சார் ரீசேல் வேல்யூ" என்பார். வாங்கும்போதே விற்கும் நாளை நினைப்பவர் ஞானியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது அடையாளம், கைதட்டல். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நடுக்கூடத்தில் நின்று ஒரே ஒரு தட்டு தட்டி, எதிரொலிக்குக் காது கொடுப்பார். கிரகப்பிரவேசத்தில் இதைச் செய்தால் வாழ்த்து என்று எடுத்துக்கொள்வார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் கடைக்கு அவர் போகிற தினுசே தனி. கடைக்காரர் வழக்கம்போல ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் போடுவார். 1994-இல் மேடையில் வாசித்த வடிவம். உலகத்தில் பாதி ஸ்பீக்கர்களை விற்றுக் கொடுத்தது அந்தப் பாட்டுதான் என்று சார் சொல்வார். "இதுல தகர டப்பாகூட நல்லாக் கேக்கும்" என்று கையை ஆட்டிவிட்டு, தன் தோல்பையிலிருந்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டை எடுப்பார். 1986-இல் வந்த அந்த இசைத்தட்டு அவருக்கு உரைகல். கண்ணை மூடி, தாடையை உயர்த்தி, மூச்சை அடக்கிக் கேட்பார். கடைக்காரர் தீர்ப்புக்குக் காத்திருப்பார். "வயலின்காரங்க ரெண்டடி பின்னால போய் உக்காந்துட்டாங்களே" என்பார் சார். போன மாதம் இதே கடையில் அவர்கள் முன்னால் வந்துவிட்டதாகக் குறைப்பட்டவரும் இவரே.

பிடித்துப்போனாலும் உடனே வாங்கிவிட மாட்டார். ஸ்பீக்கருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்த்தாக வேண்டும். எத்தனை ஓம், எத்தனை டெசிபல் என்று கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவார். ஒரு வாட்டுக்கு 82 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 85 தரும் ஸ்பீக்கரின் சத்தத்துக்கு வரவேண்டுமானால் இரண்டு மடங்கு பவர் கேட்கும். அதாவது ஸ்பீக்கர் மந்தமாக இருந்தால் ஆம்பிளிஃபயருக்குச் செலவு. "எல்லாத்துக்கும் ஒத்துப்போற ஸ்பீக்கர் இல்லையா சார்?" என்றால், "இருக்கு, ஆனா அதுல சுவாரசியம் இல்ல" என்பார்.

கடைசியில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வகையில் ஒரு ஜோடி வந்து இறங்கியது. ஓர் அடி உயர மரப்பெட்டி, அவ்வளவுதான். வெளியிடங்களுக்குப் போய் ஒலிபரப்பும் வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் உருவாக்கிய சமாச்சாரம். பேச்சுக் குரலும் பாட்டுக் குரலும் அச்சு அசலாக வரும். பேஸ்தான் அவ்வளவாக இருக்காது. "பேஸ் இல்லாததுதான் இதோட அழகு" என்று எங்களிடம் ஆறு மாதம் பாடம் எடுத்தார். ஏழாவது மாதம் பேஸுக்காக ஆள் உயரத்தில் வேறொரு ஜோடி வந்தது. லிஃப்டில் அடங்காததை நான்கு பேர் படியில் தூக்கி வந்தார்கள். நான்காவது ஆள் நான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குச் சிற்றாள். டேப், குண்டுநூல், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் தயாராக இருக்கும். இரண்டு ஸ்பீக்கரும் அவர் தலையும் சமபக்க முக்கோணத்தில் நிற்க வேண்டும். மேல்சுருதி தரும் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போய், உட்கார்ந்த இடத்திலிருந்து ட்வீட்டர் தெரிகிற இடத்தில் பென்சில் குறி போட வேண்டும்; ஒலி அங்கேதான் பட்டுத் திரும்புமாம். கூர்முனைக் கால்கள் டைல்ஸைக் கீறாமலிருக்க அடியில் ஒரு ரூபாய் நாணயங்கள். "அரை இஞ்ச் உள்ளே... போதும்... ஐயையோ, ஒரு நூல் வெளியே!" இதற்கு நடுவில் ஃபேனை நிறுத்திவிடுவார், காற்றுச் சத்தம் கெடுக்குமென்று. மே மாதத்தில் நான் கேட்ட ஒரே ஓசை என் வியர்வை சொட்டும் ஓசை. இத்தனை பாடுபட்டுத் தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தை, மறுநாள் வீடு துடைக்க வரும் அம்மா "ஏதோ பிசுக்கு" என்று சுரண்டி எடுத்துவிடுவார்.

அவ்வளவு செய்தும் சாருக்குத் திருப்தி இல்லை. "பேஸ் காணோமே" என்றார். எங்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தது. அவர் கூடம் 12 அடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஓர் அலை இரண்டு சுவருக்கும் நடுவே நின்றுகொள்ளும். சுவரோரம் முழங்கும், நட்டநடுவில் ஒன்றுமிருக்காது. சாரின் சோபா நட்டநடுவில். தடித்த பேஸுக்குச் சுவர் ஒரு தடையில்லை என்பதால், மறுபக்கம் இருக்கும் என் பூஜை அலமாரியில் மணி தானாக ஆடும். மேல்சுருதியின் கதை இன்னும் மோசம். ஸ்பீக்கர் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று பெருமைப்படுவார். மனிதக் காதுக்கு 20,000 வரைதான் எல்லை. அறுபது தாண்டியவர்களில் பலருக்கு 12,000 எட்டுவதே பெரிது. ஆக, பேஸ் எனக்கு, உச்ச ட்ரெபிள் கீழ்வீட்டு நாய்க்கு, நடுவில் மிஞ்சியது சாருக்கு. பணம் மட்டும் முழுக்க அவருடையது.

பிறகு, வெளிநாட்டிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பவர் கேபிள் வந்தது. மாட்டிய அன்றே அற்புதம் நடந்தது. கூடத்தின் கலகலப்பு அடங்கி, மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. கூப்பிட்டுக் காட்டினார், எனக்கே கேட்டது. இரண்டு வாரம் கேபிள் மகாத்மியம் பேசினார். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி. "பண்டிகை நாள், வோல்டேஜ் சரியில்ல" என்றார். அவர்கள் ஊருக்குப் போனதும் அற்புதம் திரும்பியது.

காபி கொண்டுவந்த மாமிதான் போகிற போக்கில் சொன்னார்: "கேபிள் வந்த அன்னைக்குத்தான் நம்ம ஏழு இலவம்பஞ்சு மெத்தையையும் வெயில்ல காயப்போட்டு அந்த மூலையில அடுக்கினேன். பொங்கலுக்கு எல்லாரும் படுக்க எடுத்தோம். திரும்ப அடுக்கினதும் உங்க மிருதங்கம் சரியாப் போச்சு. இது தெரியலையான்னா?"

பஞ்சு ஒலியை விழுங்கும் என்பது சாருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது பரணில் வைக்கிற மாதிரி பெட்டியோடு வரவில்லையே! நாற்பதாயிரத்தை நினைத்து நொந்துபோவார் என்று நான் ஆறுதல் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ மெத்தையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இலவம்பஞ்சுக்கே இப்படின்னா, தேங்காய் நாருக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனார். "படுத்துப் பாருங்க சார், தயங்காதீங்க" என்றார் கடைக்காரர். சார் படுக்கவில்லை. மெத்தைக்கு அருகில் குனிந்து, ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்தார்.

"கொஞ்சம் டல்லா இருக்கே. அடுத்தது எடுங்க."