எங்கள் கிணற்றுக்கும் ஏற்றுமதி ஊக்கத்தொகை வேண்டி

பெறுநர்: ஒன்றிய வர்த்தக அமைச்சகம், புது தில்லி
அனுப்புநர்: பாலாற்றங்கரை விவசாயி, ஆம்பூர் வட்டம்

ஐயா,

தோல் ஏற்றுமதியில் இத்தனை டாலர் வந்தது என்று வருஷா வருஷம் கணக்குச் சொல்கிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் எங்கள் பங்கு விட்டுப்போயிருக்கிறது.

ஒரு கிலோ தோல் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. தோல் ஆலைக் கழிவால் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதோ சாகுபடிக்கு ஆகாமல் போனதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆக, சரக்கு கப்பல் ஏறியது. தோலில் போட்ட உப்பும் குரோமியமும் ஊரிலேயே தங்கிவிட்டன.

கிணறு வற்றவில்லை ஐயா, அதுதான் வேடிக்கை. குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. துவரம்பருப்பைப் போட்டால் எவ்வளவு எரித்தாலும் வேகாமல் கிடக்கிறது. மருமகள் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். அந்தச் சம்பளத்தில் கேன் தண்ணீர் வாங்கித்தான் சமையல். சம்பளமும் நாட்டு வருமானம், கேன் விற்பனையும் நாட்டு வருமானம். கிணறு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

யாருமே கணக்குப் போடவில்லை என்று சொன்னால் பாவம். அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் போட்டது: 547 தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரைக்குமான தொகை. வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி மூன்று ரூபாய் நாற்பது காசு! அதையும் முழுசாகக் கொடுத்து முடிக்காததால், அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

ஏற்றுமதியாளர் இறக்குமதி செய்த ரசாயனத்துக்குக் கட்டிய வரியை ஒன்றிய அரசு டியூட்டி டிராபேக் என்று திருப்பித் தருகிறது. நல்ல திட்டம். அதே சரக்குக்கு எங்கள் தண்ணீரும் மூலப்பொருள்தானே? எங்களுக்கும் ஒரு வாட்டர் டிராபேக் அறிவிக்க வேண்டுகிறேன். டாலரில் வேண்டாம், ரூபாயே போதும்.

அந்தப் படிவத்தையே நகல் எடுத்து நிரப்பியிருக்கிறேன். 'சரக்கு அனுப்பிய தேதி' என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். கிணறு எந்தத் தேதியில் கெட்டது என்று யாரும் குறித்து வைக்கவில்லை; அதனால் அந்த உச்ச நீதிமன்ற வழக்கைப் போட்ட 1991 என்றே எழுதிவிட்டேன். தாமதத்துக்கு வட்டி உண்டா என்பதையும் பதிலில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பதிவு எண் இல்லாத ஏற்றுமதியாளர்