நோட்டோடு வரும் பிள்ளைகள்: கேள்வி-பதில்

கேள்வி: மனித உரிமை ஆய்வுப் பயிற்சியை டெல்லியில், தேசிய மனித உரிமை ஆணையத்தில் செய்தால்தான் மதிப்பு என்கிறார்கள் சீனியர்கள். இங்கேயே இருந்து என்ன செய்துவிட முடியும்?
— சட்டக் கல்லூரி மாணவி, தண்டலம்

பதில்: டெல்லியில் இடம் கிடைத்தால் தயங்காமல் போய் வாருங்கள். ஒரு புகார் எப்படிக் கோப்பாக நகர்கிறது என்பதை அங்கே பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் அந்தக் கோப்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன? 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை ஐபோன் அசெம்ப்ளி வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஜூலை 1-ம் தேதி ஆணையம் தானாகவே அதைக் கையிலெடுத்து, மத்திய தொழிலாளர் துறைச் செயலருக்கும் தமிழகத் தலைமைச் செயலருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்துச் சங்கதி அது! செய்தியாளர்கள் என்ன செய்தார்கள்? ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளிடமும் வேலை தேடி வந்த பெண்களிடமும் பொறுமையாகப் பேசினார்கள். அதற்கு ரயில் டிக்கெட் வேண்டாம்.

கேள்வி: மகன் ஐந்தாண்டு சட்டம் படிக்கிறான். பயிற்சிச் சான்றிதழை ‘ஏற்பாடு’ செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
— ஒரு தந்தை, பூந்தமல்லி

பதில்: வாங்காதீர்கள். பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி கட்டாயம். தொண்டு நிறுவனத்தில் செய்வதும் அதில் சேரும். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய வக்கீலிடம் உங்கள் நிலப் பத்திரத்தைக் கொடுப்பீர்களா? உங்கள் மகனிடம் நாளை ஒருவர் கொடுக்கப் போகிறார்.

கேள்வி: காலேஜ் பிள்ளைங்க வருவாங்க, கேட்பாங்க, நோட்டுல எழுதிக்கிட்டுப் போவாங்க. அப்புறம் ஆளையே காணோம். எங்களுக்கு இதுல என்ன பிரயோஜனம்?
— காண்ட்ராக்ட் தொழிலாளி, வல்லம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, எழுதியதை உங்களிடம் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது தவறு.

ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் மேம்பாலங்களும் ஸ்டேடியங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் மூன்று சமூக ஆய்வாளர்களை அங்கே அனுப்பியது. தொழிலாளிக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச நாள்கூலி 9 ரூபாய் 25 காசு. அது ஆள் கொண்டுவந்து விடும் ஜமாதார் கையில் தரப்பட்டது. அவர் ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். ஆய்வாளர்கள் அந்த ஒரு ரூபாயை எழுதினார்கள். அந்த அறிக்கையை இணைத்து உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் போனது. கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று 1982 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் சம்பளத்தில் காண்ட்ராக்டர் எதற்கு எவ்வளவு பிடிக்கிறார் என்று அடுத்த முறை வரும் பிள்ளையிடம் சொல்லுங்கள். அறிக்கையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நான்கு வாரத்தில் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?
— சட்ட மாணவர், செம்பரம்பாக்கம்

பதில்: ஒரு விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று கண்டுபிடிக்க முடியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரத்தில் குறைவு என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. படுக்கைகளையும் குழாய்களையும் எண்ண நான்கு வாரம் தாராளம்.

கேள்வி: பேட்டி கொடுத்த பெண்ணுக்கு வேலை போய்விட்டால்?
— முதுகலை சட்ட மாணவி, படப்பை

பதில்: ஆய்வைத் தொடங்குமுன் இந்தப் பயம் வந்திருக்கிறதே, அதுவே உங்கள் முதல் தகுதி. கம்பெனி கேட்டில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், விடுதி வார்டன் கண்ணெதிரில் பேசாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரை நிறுத்தாதீர்கள். அவர் முதலில் தூங்கட்டும். பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. சொந்த ஊர், வயது, எந்த லைன், எந்த ஷிஃப்ட் என்ற நான்கையும் சேர்த்து அச்சிட்டால் சூப்பர்வைசர் ஐந்தே நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். போட்டோ கூடவே கூடாது. நேற்றுச் சொன்னதை இன்று ‘வேண்டாம், அழித்துவிடு’ என்றால் மறுபேச்சில்லாமல் அழித்துவிடுங்கள், அது உங்கள் அறிக்கையின் மிகச் சிறந்த பக்கமாக இருந்தாலும். ஒரு அறிக்கைக்காக ஒரு வீட்டு அடுப்பு அணையக் கூடாது.

கேள்வி: ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் எப்படிப் பேசுவது? எங்களுக்கு இந்தி வராது.
— மாணவர் குழு, இருங்காட்டுக்கோட்டை

பதில்: மொழி தெரிந்த சக மாணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் அனுப்பும் ஆளை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

கேள்வி: மாணவர்கள் எழுதுவதெல்லாம் கம்பெனிக்கு எதிராகத்தானே இருக்கும்?
— மனிதவள அதிகாரி, ஒரகடம்

பதில்: உங்கள் பதிலையும் கேட்டு அதே பக்கத்தில் போடாத அறிக்கை ஆய்வே ஆகாது, மாணவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஒன்று: கதவைத் திறந்து விடுதியைக் காட்டுங்கள். குறை சிறிதாக இருக்கும்போது ஒரு மாணவி சொல்லித் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

கேள்வி: பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, பஸ் செலவும் இல்லை. அப்பா கூலி வேலை. மனித உரிமை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?
— சட்ட மாணவர், வாலாஜாபாத்

பதில்: இருக்கக் கூடாது. கூலியில்லா உழைப்பைப் பற்றி ஆராய வருகிறவரிடமே கூலியில்லாமல் உழைப்பு வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். பல்கலைக்கழகங்கள் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடுமாவது தந்தே ஆக வேண்டும். கூலி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கேள்விகள் வேறு யாருக்கும் தெரியாது. உங்களை இழந்தால் நஷ்டம் ஆய்வுக்குத்தான்.

கேள்வி: மாணவர்கள் தொடங்கிய எதுவும் பெரிய இடத்துக்குப் போனதுண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உண்டு ஐயா. 2019-ல் வனுவாட்டு என்ற தீவு நாட்டில் 27 சட்ட மாணவர்கள் வகுப்பில் ஒரு யோசனையைப் பேசினார்கள்: பருவநிலை மாற்றம் பற்றி சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக்கியது. 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் கருத்துரை வழங்கியது.

கேள்வி: எங்க விடுதியில இப்பவே பிரச்சினை இருக்கு. ஆய்வு பண்ற பிள்ளைங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?
— பெண் தொழிலாளி, சுங்குவார்சத்திரம்

பதில்: ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் தருகிறது. நீங்கள் இரண்டுமே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சென்னையில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.