வேலியில் ஒரு பொட்டு

"பெரிய வளவெண்டால் தள்ளுற மெஷின் சரிவராது ஐயா. தானா ஓடுறதை எடுங்கோ, பின்னால நடந்தாப் போதும்" என்றார் கடைக்காரர். புல் வெட்டும் அகலம் 21 அங்குலமாம். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் கண்டுபிடித்த சாமான்; இன்னும் மனிதன்தான் அதன் பின்னால் நடக்கிறான்.

திருகோணமலையில் இதற்கா காசு? பிரெடரிக் கோட்டைப் புள்ளிமான்களைப் பாருங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை, பெற்றோல் வேண்டாம், பசளையும் அந்த இடத்திலேயே கிடைத்துவிடும். புல்லுக்கும் செவ்வரத்தைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் குறை. நாம் எறியும் பொலித்தீன் பைக்கும்தான். அது மானின் பிழையில்லை.

மாரியில் முழங்காலளவு புல். கச்சான் காற்று தொடங்கினால் வெட்ட ஒன்றும் மிஞ்சாது.

மெஷின் வாங்கவில்லை. வேலிப் பொட்டை அடைக்காமல் விட்டிருக்கிறேன்.